எம்டி0 காணோம், எம்டி127 வந்து நிற்கிறது: டிஸ்க் செத்துப்போச்சா?

மார்த்தாண்டத்தில் கல்யாண ஸ்டுடியோ நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, விண்டோஸ் கம்ப்யூட்டர்ல வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதுக்குள்ள உபுண்டு சர்வர் வச்சு, 500 ஜிபி வர்ச்சுவல் டிஸ்க் ரெண்டைச் சேர்த்து ரெய்டு 1 பண்ணி ஆல்பம் போட்டோ எல்லாம் அதுலதான் வச்சிருக்கேன். நாலு மாசம் நல்லாத்தான் ஓடிச்சு. போன வாரம் இடிமழையில கரண்ட் போய் கம்ப்யூட்டர் பட்டுன்னு அணைஞ்சுது. மறுபடி ஆன் பண்ணினா ஒன்றரை நிமிஷம் முழிச்சிட்டு எமர்ஜென்சி மோடுன்னு நிக்குது. எம்டி0-வே இல்லை. கடைக்காரர் பார்த்துட்டு ரெண்டு டிஸ்க்கும் அடிச்சுப்போச்சு, திருவனந்தபுரத்துக்கு அனுப்பணும், 35,000 ஆகும், 5,000 அட்வான்ஸ் வேணும்ங்கிறார். ஆவணி மாசக் கல்யாணம் பதினொண்ணு அதுல கெடக்கு. ஒரு எளவும் புரியல." கூடவே திரையை செல்போனில் எடுத்த போட்டோ ஒன்றும் அனுப்பியிருக்கிறார். (புதியவர்களுக்கு: வர்ச்சுவல்பாக்ஸ் என்பது ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள், உபுண்டு லினக்ஸில் ஒரு வகை. ரெய்டு 1 என்பது ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் ஏற்பாடு, அந்த ஜோடியின் பெயர்தான் எம்டி0.)

அந்த போட்டோவை அனுப்பினீர்களே, நல்ல காரியம். கடைக்காரர் அதைப் பார்க்கவே இல்லை, அல்லது பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அதில் எம்டி127 என்று ஒரு வரி தொடங்குகிறது, பக்கத்தில் ஆக்டிவ், ரெய்டு 1, இரண்டு டிஸ்க்கின் பெயர். அடுத்த வரியில் சதுர அடைப்புக்குள் 2/2, அதையொட்டி இன்னொரு அடைப்புக்குள் இரண்டு யு. ஒரு யு என்றால் ஒரு டிஸ்க் உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஒரு டிஸ்க் போயிருந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும். உங்களுக்குக் கோடு இல்லை, யு-வுக்குப் பக்கத்தில் யு இருக்கிறது. ஆக இரண்டும் இருக்கின்றன, போட்டோவும் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் எம்டி0 எங்கே போச்சு? எங்கேயும் போகவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. ரெய்டு உருவாக்கும்போது எம்டி0 என்று பெயர் கொடுத்தீர்கள். அதை லினக்ஸ் பூட் ஆகும்போது படிக்கிற கான்ஃபிக் ஃபைலில் எழுதி வைக்கவில்லை. டிஸ்க் இரண்டின் தலைப்பிலும் "நாங்கள் ஒரே ஜோடி" என்ற குறிப்பு இருப்பதால் லினக்ஸ் அவற்றைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிடுகிறது. ஆனால் இது யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல ஆள் இல்லாததால், வரிசையின் கடைசியிலிருந்து ஒரு நம்பரை எடுத்துக் கொடுக்கிறது, அதுதான் 127. இன்னொன்று இருந்தால் 126. எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் மாட்ட வேண்டும், அதாவது மவுன்ட் செய்ய வேண்டும், என்று பட்டியல் போட்டிருக்கும் எஃப்எஸ்டாப் ஃபைலிலோ நீங்கள் எம்டி0-வை மவுன்ட் செய் என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஒன்றரை நிமிஷம் எம்டி0 வரும் வரும் என்று வாசலைப் பார்த்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விட்டது.

நாலு மாசம் ஓடியதே என்று கேட்பீர்கள். ராத்திரி ஸ்டுடியோவை மூடும்போது வர்ச்சுவல்பாக்ஸில் சேவ் ஸ்டேட் கொடுத்துவிட்டுப் போவீர்கள், சரிதானே? எல்லாரும் செய்வதுதான். அது தூக்கம்தானே தவிர ஷட்டவுன் இல்லை. அமைத்த நாளிலிருந்து உங்கள் உபுண்டு ஒரு தடவைகூட முதலிலிருந்து பூட் ஆகவே இல்லை. தப்பு முதல் நாளே நடந்துவிட்டது, கரண்ட் போனதால் இப்போதுதான் வெளியே வந்தது. ரெய்டு போடும் அதே கமாண்டு அந்த ஒரு வரியையும் தானே எழுதி வைத்துவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்? இத்தனை வருஷமாகியும் அதை நாம்தான் கையால் எழுத வேண்டும்.

போட்டோவில் இன்னும் இரண்டு வார்த்தை இருக்கிறது, அவற்றைக் கண்டு நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ஆட்டோ ரீட் ஒன்லி என்பது யாரும் இன்னும் எதுவும் எழுதாததால் சும்மா காத்திருக்கிறது, முதல் எழுத்து விழுந்ததும் தானே மாறிவிடும். ரீசிங்க் பெண்டிங் என்பது கரண்ட் திடீரென்று போனதால் இரண்டு டிஸ்க்கையும் மறுபடி ஒன்றுபோல் ஆக்க வேண்டும் என்கிறது, அதுவும் தானே நடக்கும். ரீசிங்க் ஓடும்போது மெஷின் ஊர்ந்துதான் போகும், பொறுமை வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது. இதற்கான கருவியின் பெயர் எம்டிஏடிஎம். உள்ளே ஏடிஎம் இருக்கிறது, பணம் வராது. கமாண்டின் எழுத்துக்கூட்டலை நான் இங்கே தரப்போவதில்லை, மெஷினிலேயே மேன் பேஜ் என்ற விளக்கக் குறிப்பு இருக்கிறது, அதைப் பார்த்து அடியுங்கள். எங்கிருந்தோ காப்பி அடித்து ஒட்டுவதுதான் இந்தத் தொழிலில் பாதிக் குடும்பத்தைக் கெடுத்திருக்கிறது.

முதலில் எமர்ஜென்சி மோடில் என்டர் தட்டி, அல்லது ரூட் பாஸ்வேர்டு கேட்டால் கொடுத்து உள்ளே போங்கள். எஃப்எஸ்டாப் ஃபைலில் எம்டி0 இருக்கும் வரியின் தலையில் ஒரு ஹேஷ் குறி போட்டு ரீபூட் செய்யுங்கள். இப்போது உபுண்டு ஒழுங்காக ஏறும். எம்டி127-ஐ வழக்கமான அதே ஃபோல்டரில் கையால் மவுன்ட் செய்யுங்கள். மணமக்கள் படம் கண்ணுக்குத் தெரியும். வேறு எந்த வேலைக்கும் முன்னால், சாம்பா (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸில் காட்டும் மென்பொருள்) வழியாக விண்டோஸிலிருந்து அந்த ஃபோல்டரைத் திறந்து, பதினொரு கல்யாணத்தையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். காப்பி முடிந்து டீ குடித்துவிட்டு வந்து மீதியைச் செய்யலாம்.

மீதி என்பது, எம்டிஏடிஎம்-இல் டீடெயில் ஸ்கேன் கேட்டால் ஒரு வரி வரும், அதை எம்டிஏடிஎம் கான்ஃப் ஃபைலின் அடியில் சேர்த்து, அதில் பெயர் எம்டி127 என்று இருந்தால் எம்டி0 என்று திருத்துவது. சேர்க்கும்போது அம்புக்குறி இரண்டு (>>) போடுங்கள், ஒன்று போட்டால் ஃபைலில் ஏற்கெனவே இருந்தது அழிந்துவிடும். அப்புறம் அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் என்ற கமாண்டை ஓட்ட வேண்டும். இதைத்தான் பத்தில் எட்டுப் பேர் மறப்பார்கள், மறந்துவிட்டு "எழுதியும் 127-தான் வருது" என்று எனக்கு போன் போடுவார்கள். பூட் ஆகத் தொடங்கும்போது லினக்ஸ் படிப்பது அந்த ஃபைலின் ஒரு பழைய நகலை, நகலைப் புதுப்பிக்காமல் அசலை மட்டும் திருத்தி என்ன பயன்.

எஃப்எஸ்டாப்பில் எம்டி0 என்று பெயர் எழுதுவதை விட்டுவிட்டு யுயுஐடி என்ற நீளமான அடையாள எண்ணை எழுதுங்கள். இங்கே ஒரு குழி இருக்கிறது. யுயுஐடி இரண்டு உண்டு. டீடெயில் ஸ்கேன் காட்டுவது ரெய்டின் யுயுஐடி, அதற்கு இடையிடையே முக்கால் புள்ளி. பிஎல்கே ஐடி என்ற கமாண்டை எம்டி127 மேல் ஓட்டினால் வருவது ஃபைல் சிஸ்டத்தின் யுயுஐடி, அதற்கு இடையில் சிறு கோடு. எஃப்எஸ்டாப்புக்குக் கோடு போட்டது. மாற்றிப் போட்டால் பழைய எமர்ஜென்சி மோடுதான். கூடவே நோஃபெயில் என்ற சொல்லையும் சேருங்கள், நாளைக்கு ரெய்டு வராவிட்டாலும் மெஷின் ஏறும்.

இனி என் பழைய புண். எந்தக் காரணத்துக்காகவும், யார் சொன்னாலும், இந்த டிஸ்க்குகள் மேல் க்ரியேட் என்ற சொல் உள்ள கமாண்டை ஓட்டாதீர்கள். இருக்கிறதைச் சேர்ப்பது அசெம்பிள், புதிதாக உண்டாக்குவது க்ரியேட். குளச்சல் பக்கம் ஒரு மீன் வியாபாரியின் கணக்கு மெஷினில் ரெய்டு 1-இன் ஒரு டிஸ்க் எப்போதோ கழன்றுபோய், நாலு மாசத்துக்கு முந்தைய கணக்கோடு அப்படியே நின்றிருக்கிறது. இன்னொரு டிஸ்க் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சரிசெய்ய வந்த பையன் இணையத்தில் எதையோ பார்த்து க்ரியேட் அடித்தான். லினக்ஸ் கேட்டது, "இது ஏற்கெனவே ஒரு ரெய்டில் இருப்பது போல் தெரிகிறதே, தொடரட்டுமா?" என்று. ஒய் தட்டிவிட்டான். ரெய்டு 1-ஐ க்ரியேட் செய்தால் முதலில் எழுதிய டிஸ்க்கைப் பார்த்து இரண்டாவதை நிரப்பும், அவன் முதலில் எழுதியது பழைய டிஸ்க்கை. நான் போய்ச் சேர்ந்தபோது ரீசிங்க் 61 சதவீதம். வியாபாரி பக்கத்தில் நின்று, "ஏறுது பாருங்க சார், சரியாவுது" என்று சந்தோஷமாகச் சொன்னார். ஏறிய ஒவ்வொரு சதவீதமும் அவருடைய நாலு மாசக் கணக்கைத் தின்றுகொண்டிருந்தது.

வர்ச்சுவல்பாக்ஸில் என்றோ எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்டை, அதாவது அன்றைய நிலையின் பதிவை, ரீஸ்டோர் செய்யலாம் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். அந்த ஸ்னாப்ஷாட் எடுத்த நாளுக்குப் பிந்தைய கல்யாணம் எல்லாம் போய்விடும்.

கடைக்காரர் விஷயம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், மதர்போர்டைக் கழற்றி மாட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் டேட்டா ரெக்கவரி என்று போர்டு வைத்திருப்பவர்களில் பலர் கலெக்ஷன் ஏஜென்ட்கள்தான், பெட்டியை வாங்கி வெளியூருக்கு அனுப்பி, நடுவில் கமிஷன் எடுப்பவர்கள். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ப்ராக் எம்டிஸ்டாட்டில் என்ன காட்டியது?" ரெய்டின் நிலையைக் காட்டும் ஃபைல் அது, உங்கள் போட்டோவில் இருப்பதும் அதுதான். பதில் வராவிட்டால் பெட்டியைக் கையில் கொடுக்காதீர்கள். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நம் மாவட்டத்தில் இன்ஜினியரிங் காலேஜுக்கா பஞ்சம், எல்லாவற்றிலும் ரெய்டு படம் போட்டு மார்க் வாங்குகிறார்கள், ஆனால் ஒரு டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் சேர்த்துக் காட்டு என்று எந்த லேபில் சொல்கிறார்கள்?

அந்தப் பாடத்திலேயே இருக்கும் ஒரு விஷயத்தைத்தான் கடைசியாகச் சொல்லப்போகிறேன், உங்களுக்குப் பிடிக்காது. 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் இந்த ரெய்டு கட்டுரையை வெளியிட்டபோது, ரெய்டு என்ற சொல்லின் நடுவில் இருந்த ஐ என்ற எழுத்துக்கு மலிவு என்று பொருள். மலிவான டிஸ்க் பலவற்றைச் சேர்த்தால் ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் என்பது யோசனை. பல டிஸ்க் வேண்டும், அதுதான் விஷயமே. உங்கள் வர்ச்சுவல் டிஸ்க் இரண்டும் விண்டோஸில் டி டிரைவில் கிடக்கும் இரண்டு ஃபைல், டி டிரைவ் ஒரே ஹார்டு டிஸ்க். ஒரே வீட்டில் இரண்டு பத்தாயம் வைத்து நெல்லைப் பிரித்துப் போட்ட கதை, வெள்ளம் வந்தால் இரண்டும் நனையும். பத்திரம் கூடவில்லை, ஒவ்வொரு போட்டோவையும் ஒரே டிஸ்க்கில் இரண்டு தடவை எழுதி வேகம்தான் குறைந்தது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். கம்ப்யூட்டருக்குள் உண்மையாகவே இரண்டு ஹார்டு டிஸ்க் மாட்டி, ஒரு வர்ச்சுவல் டிஸ்க் ஃபைலை ஒன்றிலும் மற்றதை இன்னொன்றிலும் வைத்தால் ரெய்டுக்கு அர்த்தம் உண்டு. டி, இ என்று இரண்டு எழுத்து தெரிகிறது என்று ஏமாற வேண்டாம், ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்தாலும் இரண்டு எழுத்து வரும், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது டிஸ்க் யுஎஸ்பி-யில் தொங்குவதாக இருந்தால் அது பாதி விலக்குதான். கேபிள் ஆடினால் அந்த டிஸ்க் கழன்று யு-வுக்குப் பதில் கோடு வரும், யுஎஸ்பி-யை மாட்ட மறந்து ஆன் செய்தால் ஃபைலைக் காணோம் என்று வர்ச்சுவல்பாக்ஸ் அந்த மெஷினை ஏற்றவே ஏற்றாது. அப்படி இரண்டு நிஜ டிஸ்க் இருந்தாலும் ஒரே பெட்டி, ஒரே பவர் சப்ளை, ஒரே இடி. ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்று இரண்டு பருவமும் நனைகிற ஊர் நம்முடையது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். ஆகவே யுபிஎஸ் ஒன்று, வாரத்துக்கு ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி ஒன்று. அந்த டிஸ்க் ஸ்டுடியோவில் இல்லாமல் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் சேவ் ஸ்டேட் கொடுக்காமல் முழுசாக ஷட்டவுன் செய்து மறுபடி ஏற்றுங்கள். கல்யாண வேலை இல்லாத ஒரு மத்தியானமாகப் பார்த்து இரண்டு தடவை செய்யுங்கள். 127 வராமல் ஏறி, ஃபோல்டர் தானே திறந்து, இரண்டு யு தெரிந்தால் கடைக்காரருக்கு போன் போட்டு, ஆளை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் வந்து பார்த்ததற்கு ஒரு முந்நூறு ரூபாய் கொடுத்துவிடுங்கள், அது நியாயம்.