மூன்றாம் நிலை என்றால் மூன்றாம் தரமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். சென்ற மாதம் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தேன். ‘கோலாலம்பூரில் உலகத் தமிழ் மாநாடு எந்த ஆண்டு நடந்தது?’ என்று கண்டுபிடித்து வர வேண்டும். ஒருத்தி 1966 என்று எழுதி வந்தாள். ஒருவன் 1987, இன்னொருத்தி 2015. கடைசி மேசைப் பையன் 1964 என்று எழுதியிருந்தான். எல்லாரும் கைப்பேசியில் பார்த்ததுதான். யாருக்குச் சரி போடுவது என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் நூலகத்துக்கு அழைத்துப் போனேன். முதுகில் ‘ருஜுக்கான்’ (மலாயில் பார்வை நூல்) என்று ஒட்டிய தடித்த நூல்களை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது என்றதும், “அப்ப இது படிக்கிற புத்தகம் இல்லையா டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். சரியான பதில் சொல்ல வரவில்லை. தகவல் மூலங்களை முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று பிரிப்பார்கள் என்று பயிற்சிக் கல்லூரியில் படித்த நினைவு. அகராதியும் கலைக்களஞ்சியமும் மூன்றாம் நிலை என்றால் அவை மதிப்பில் குறைந்தவையா? பிள்ளைகளை எதை நம்பச் சொல்வது?

அன்புடன்,
ஒரு வாசகி, பினாங்கு

*

அன்புள்ள டீச்சர்,

முதலில் மூன்று பிள்ளைகளுக்குச் சரி போட்டுவிடுங்கள். 1966 ஏப்ரலில் முதல் மாநாடு, 1987இல் ஆறாவது, 2015இல் ஒன்பதாவது. மூன்றும் நடந்தது நம் கோலாலம்பூரில்தான். 1964 என்பது அந்த மாநாடுகளை நடத்தும் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் புதுடில்லியில் தொடங்கப்பட்ட ஆண்டு. கடைசி மேசைப் பையன் மாநாட்டைத் தேடப் போய் மன்றத்தைப் பிடித்து வந்திருக்கிறான். அவன் விடை தவறு, ஆனால் மற்ற மூவரையும்விட ஒரு படி உள்ளே போயிருக்கிறான்.

குழப்பம் பிள்ளைகளிடம் இல்லை, கைப்பேசியிலும் இல்லை. உங்கள் கேள்வியில் ‘முதல்’ என்ற ஒரு சொல் விடுபட்டுவிட்டது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நூலகத்துக்குள் வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை இப்படித்தான் அரைகுறையாக வரும். அதற்காகத்தான் பார்வை நூல் பகுதியில் ஒரு மேசை போட்டு ஒரு மனிதரை உட்கார வைத்திருக்கிறார்கள். நல்ல நூலகர் உடனே அலமாரியைக் காட்ட மாட்டார். “எந்த மாநாடு? தேதி மட்டும் போதுமா, அங்கே என்ன பேசினார்கள் என்றும் தெரிய வேண்டுமா? யாருக்காகக் கேட்கிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்பார். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அந்த எதிர்க்கேள்விகள் மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த முறை பிள்ளைகளை நேராக அந்த மேசைக்கு அனுப்புங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்காதீர்கள்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. நிலை என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று கேட்டே பழகிய காதுக்கு மூன்றாம் நிலை என்றதும் மட்டமான சரக்கு என்று தோன்றிவிடுகிறது. இங்கே எண் சொல்வது தரத்தை அல்ல, தூரத்தை. நடந்த சம்பவத்துக்கும் நம் கையில் இருக்கும் தாளுக்கும் இடையே எத்தனை கைகள் இருக்கின்றன என்பதுதான் கணக்கு.

1966 மாநாட்டையே எடுத்துக்கொள்வோம். அங்கே படித்த கட்டுரைகள் பின்னர் இரண்டு பெரிய தொகுதிகளாக அச்சாயின. அவையும், அந்த வாரத்துச் செய்தித்தாள்களும், அழைப்பிதழும், புகைப்படங்களும், வந்தவர்கள் எழுதிய கடிதங்களும் முதல் நிலை. இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு ஓர் ஆய்வாளர் பல ஆண்டுகள் கழித்து மலேசியத் தமிழ்க்கல்வியைப் பற்றி நூல் எழுதினால் அது இரண்டாம் நிலை. அப்படிப்பட்ட நூல்களிலிருந்து பிழிந்தெடுத்து ஒரு கலைக்களஞ்சியம் ஐந்து வரி போடுகிறதே, அது மூன்றாம் நிலை. அகராதியையும் கலைக்களஞ்சியத்தையும் இரண்டாம் நிலையிலேயே வைக்கும் பாடநூல்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் பிள்ளைகளை இழுக்க வேண்டாம்.

அருகில் இருப்பது எல்லாம் உண்மை என்று நினைப்பதும் தவறு. கல்யாணப் பத்திரிகை முதல் நிலை ஆவணம்தான். முகூர்த்தம் ஒன்பது முதல் பத்தரை வரை என்று அதில் இருக்கும். தாலி எப்போது ஏறியது என்று அது சொல்லாது. சம்பவத்துக்கு முன்னால் அச்சான தாள் எண்ணத்தைத்தான் சொல்லும், நடந்ததைச் சொல்லாது. மாநாட்டு நிகழ்ச்சி நிரலும் அப்படித்தான். ஐந்தே வரியில் சொல்லும் கலைக்களஞ்சியம், பல பேர் பார்த்துத் திருத்திய பிறகு அச்சேறியது. தேதி மட்டும் வேண்டுமென்றால் நான் அதைத்தான் முதலில் எடுப்பேன். பிறகு ஐயம் வந்தால் உள்ளே போவேன். தேடுகிறவர் நடக்கும் திசை எப்போதும் மூன்றிலிருந்து ஒன்றை நோக்கித்தான்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் தந்தை பிறந்த தோட்டத்தைத் தேடிச் சில ஆண்டுகள் அலைந்தேன். பாட்டி அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் சொல்வார். கங்காணியும் பால்மரம் வெட்டியவர்களும் வைத்த பெயர். எந்த வரைபடத்திலும் அது இல்லை. நம் தோட்டங்களுக்கு இரண்டு பெயர் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். லயத்தில் ஒன்று, கம்பெனிக் கணக்கில் ஒன்று. நான் பல நாள் வரலாற்று நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவை தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பற்றி நிறையச் சொல்லின, தமிழர் குடியேற்ற நிதி பற்றியும் 1938இல் கங்காணி முறையில் ஆள் எடுப்பது நின்றது பற்றியும் சொல்லின. என் பாட்டியின் தோட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏன் இருக்கப்போகிறது? அவை அந்தக் கேள்விக்கான நூல்கள் அல்ல.

ஒரு நூலகர்தான் கேட்டார்: “அப்பாவோட சூராட் பெரானாக் இருக்கா?” வீட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த பிறப்புச் சான்றிதழில், பிறந்த இடம் என்ற கட்டத்தில், தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் டிவிஷனும் மையில் எழுதியிருந்தன. அந்தப் பெயர் கையில் கிடைத்தவுடன் அவர் எடுத்துத் தந்தது ஒரு பழைய டைரக்டரி. ஆங்கிலேயர் காலத்தில் ஆண்டுதோறும் வந்தவை. தோட்டத்தின் பெயர், அதன் கம்பெனி, துரையின் பெயர் என்று வரிசையாக இருக்கும். கம்பெனிகள் முகவரி தேடுவதற்காக அச்சிட்ட, யாரும் உட்கார்ந்து படிக்காத நூல். அதில் ஒரே வரியில் எங்கள் தோட்டம் இருந்தது. கம்பெனியின் பெயர் தெரிந்ததும் பழைய செய்தித்தாள்களில் தேட வழி பிறந்தது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் பழைய தமிழ் முரசு உட்பட அக்காலத் தாள்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். நான் இரவிரவாக அங்கேதான் கிடந்தேன்.

கவனித்தீர்களா, பாட்டியின் வாய்ச்சொல்லும் பிறப்புச் சான்றிதழும் முதல் நிலை. டைரக்டரி மூன்றாம் நிலை. அது இல்லாவிட்டால் அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருப்பேன்.

‘இது படிக்கிற புத்தகம் இல்லையா’ என்று கேட்ட பிள்ளையிடம் என் அன்பைச் சொல்லுங்கள். அது மிக நல்ல கேள்வி. பார்வை நூல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதற்கு அல்ல. நுழைந்து, வேண்டியதை எடுத்து, மூடிவைப்பதற்கு. பத்து நிமிடத்துக்கு ஒருவர் கை மாறும் நூலை ஒருவர் இரண்டு வாரம் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதால்தான் அது வெளியே போவதில்லை.

ஆனால் தமிழில் இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் செய்யுளில் எழுதிய நிகண்டுகள். மாணவர் அவற்றை மனப்பாடம் செய்தார். ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் அலமாரிக்குப் போக வேண்டியதில்லை, மனத்துக்குள் பாட்டை ஓட்டினால் போதும். பார்வை நூல் அப்போது தலைக்குள் இருந்தது. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைச் செய்தபோது பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பிரித்துச் சொற்களை அகர வரிசையில் வைத்தார். பாட்டைத் தெரியாதவரும் எழுத்து வரிசை தெரிந்தால் உள்ளே நுழையலாம் என்றாயிற்று. அகரத்தை ஆதியாக உடையது அகராதி. அந்தப் பெயரிலேயே அதைப் பயன்படுத்தும் முறை இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டு, ஒரு சொல்லைக் கொடுத்து யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஓட்டப்பந்தயம் வையுங்கள். ஐந்தாம் ஆண்டிலேயே அ முதல் ன் வரை வரிசை தடுமாறும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, நீங்கள் ஆசிரியர் என்பதால். புராணப் பெயர்களையும் புலவர்களையும் அகர வரிசையில் தேட முடியும்படி 1910இல் வந்த அபிதான சிந்தாமணியைத் தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியாரும் பள்ளித் தமிழாசிரியர்தான். வகுப்பு எடுத்த நேரம் போக மிஞ்சிய நேரத்தில் செய்த வேலை அது. மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது.

எனக்கு மிகவும் மனம் கனக்கும் இடத்துக்கு வருகிறேன். விடை தரும் நூல்களைப் போலவே, விடை எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டும் நூல்களும் உண்டு. நூற்பட்டியல், பொருளடைவு, இதழ்களுக்கான அடைவு. ஒரு வரித் தகவல்கூட இவற்றில் இருக்காது, வழி மட்டுமே இருக்கும். நம் ஊரில் இதன் அருமையை அறிந்தவர் தனிநாயகம் அடிகள். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்தபோது, தமிழாய்வு நூல்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு வழிகாட்டிப் பட்டியலைத் தொகுத்தார். மாநாடு நடந்த அதே 1966இல் கோலாலம்பூரில் அது வெளியானது. உலகம் முழுவதிலிருந்தும் அறிஞர்களை வரவழைத்து மாநாடு நடத்தியவர், அவர்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்றும் யோசித்திருக்கிறார். மேடையை நினைவில் வைத்திருக்கிறோம். பட்டியலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்றைய நம் எழுத்தாளர்களையும் இதில் சேர்த்துத்தான் சொல்கிறேன். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்த நாட்டில் அச்சிடும் நூலில் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். அங்கே சேர்ந்தால்தான் மலேசிய தேசிய நூற்பட்டியலில் பெயர் ஏறும். நாமோ மண்டபம் பிடிக்கிறோம், முதல் நூலைப் பிரமுகர் கையில் கொடுக்கிறோம், மாலை போடுகிறோம், மிச்சப் படிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறோம். அந்த ஐந்து படிகளை ஜாலான் துன் ரசாக்கில் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு காலை போதும். கொடுக்காத நூல் ஐம்பது ஆண்டுக்குப் பிறகு தேடுகிறவருக்கு எழுதப்படாத நூல்தான்.

விக்கிப்பீடியாவைப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். அதுவும் கலைக்களஞ்சியம், அதுவும் மூன்றாம் நிலை. பிள்ளைகள் அதில் தொடங்கட்டும். கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள்களில் ஒன்றையாவது திறந்து பார்த்துவிட்டு வர வேண்டும் என்று மட்டும் விதி வையுங்கள்.

மறுபடியும் அதே கேள்வியைக் கொடுங்கள், இந்த முறை ‘முதல்’ சேர்த்து. விடைக்குப் பக்கத்தில் எங்கே பார்த்தாய், எந்தப் பக்கம், அதை எழுதியவர் மாநாட்டை நேரில் பார்த்தவரா என்று மூன்று கட்டம் போடுங்கள். 1964 எழுதிய பையன் அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தான் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அவன் பார்த்த இடத்தை நானும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அன்புடன்.