சோத்துக் கோப்பைக்கு முன்னால: அனோரெக்சியா, வீட்டார் கேட்ட கேள்விகள்

மனநல விடுதியில கனகாலம் தாதியா இருந்தன். உடம்பு வெச்சிடும் எண்ட பயத்தில சாப்பிடாம மெலிஞ்சு போற மன வருத்தம்தான் அனோரெக்சியா. அது வந்த பிள்ளைகளின்ட வீட்டாரைப் பழக்கிறதுதான் இப்ப என்ட வேலை.

களுவாஞ்சிக்குடி: அக்கா, மகளுக்கு 16 வயசு. அனோரெக்சியாவாம். நாங்க வளர்த்த பிழையா?

இல்ல தங்கச்சி. ஒருகாலத்தில டொக்டர்மாரே தாய் தகப்பனைக் குறை சொல்லி, பிள்ளையைப் பிரிச்சு வெச்சாங்க. பிறகு லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில வீட்டாரையும் சிகிச்சையில சேர்த்துப் பார்த்தாங்க. வயசு குறைஞ்ச, வருத்தம் தொடங்கிக் கனநாள் ஆகாத பிள்ளைகளுக்கு அதுதான் நல்லாப் பலன் குடுத்தது. 1987இல அந்த முடிவு வெளிவந்தது. ‘பசியின்மை’ எண்டு தமிழில சொல்றதும் எனக்குப் பிடிக்காது. பசி இருக்கும். பயம் அதை அமத்தி வெச்சிருக்கும்.

அதே தாய்: நான் கெஞ்சுவன், அவர் கத்துவார். எது சரி?

ரெண்டும் இல்ல. மோட்ஸ்லியில வேலை செய்த ஜேனட் ட்ரெஷர் எண்ட மனநல மருத்துவர் இதுக்கு மிருகங்களை உவமை சொல்லுவா. பிள்ளையை மடியில பொத்தி, கேட்டதுக்கெல்லாம் விட்டுக்குடுக்கிறது கங்காரு. முட்டி மோதுறது காண்டாமிருகம். அம்பாறைப் பக்கம் நான் யானை எண்டுதான் சொல்றது, உடன விளங்கும். நாம ஆகவேண்டியது டொல்பின்: பக்கத்தில நீந்தி, தேவையான இடத்தில மெல்லத் தள்ளிவிடும்.

மேசையில பாருங்க. பிள்ளை புட்டை விரலால உதிர்த்து, கோப்பை ஓரமாப் பரப்பும். மீன் துண்டு சொதிக்குள்ள ஒளியும். அப்ப “ஏன் இப்பிடிச் செய்யிறாய்?” எண்டு கேட்காதீங்க. “கஷ்டம் எண்டு தெரியும் மகள், நான் இருக்கிறன். அடுத்த வாய்.” அவ்வளவுதான். எவ்வளவு சாப்பிடுறது எண்டு அங்க பேரம் பேசக்கூடாது, அது கிளினிக்கில முடிவானது. சாப்பிட்டு முடிய ஒரு மணித்தியாலம் பக்கத்தில இருங்க, பாத்ரூமுக்குத் தனிய விடாம. தாயும் தகப்பனும் ஒரே சொல்லில நிக்கோணும். அதைத்தான் பழக எங்களுக்கு மிச்சம் நாளெடுக்கும்.

காத்தான்குடி: மகள் நோன்பு பிடிக்கத்தான் வேணும் எண்டு நிக்கிறா. தடுத்தாப் பாவமா?

உம்மா, நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கு. டொக்டர் சொன்னதை மௌலவிகிட்டச் சொல்லி, அவர் வாயாலேயே பிள்ளைக்குச் சொல்ல வையுங்க. நோன்பைக் கேட்கிறது ஈமானா, வருத்தமா எண்டு எனக்குச் சந்தேகம்தான்.

அக்கரைப்பற்று: மகன் எலும்பும் தோலுமா இருக்கிறான். ஒரேயடியா நிறையக் குடுக்கட்டா?

வேணாம் அண்ணன்! கனநாள் பட்டினி கிடந்த உடம்புக்குச் சடாரெண்டு கூடக் குடுத்தா ரத்தத்தில பொஸ்பேற் இறங்கும், இதயமே நிண்டு போகலாம். ஆஸ்பத்திரியில ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவாங்க. ஆம்பிளைப் பிள்ளைக்கும் இந்த வருத்தம் வரும், வெட்கப்பட்டு மறைக்காதீங்க. மயங்கினா, நெஞ்சு நொந்தா, தண்ணியும் வேணாமெண்டா உடன கொண்டு போங்க.

வாழைச்சேனை: சொந்தக்காரர் வந்தா “மெலிஞ்சு வடிவாயிட்டா” எண்டுறாங்க.

படலையடியிலேயே சொல்லிப்போடுங்க: உடம்பைப் பற்றி ஒரு கதையும் வேணாம். கோவிச்சா கோவிக்கட்டும்.

கல்முனை: ராவில நித்திரை இல்ல அக்கா. நான் ஆரிட்டச் சொல்ல?

1926க்கு எடுங்க, தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். கிழமையில ஒரு பின்னேரம் தங்கச்சியையோ மச்சாளையோ மேசையில இருத்திப்போட்டு, நீங்க கடற்கரைக்குப் போங்க.