முதலில் ஊர், பிறகு விமானம்

கேள்வி: சிகாகோவை அடுத்த நேப்பர்வில்லில் வசிக்கிறேன். 1,500 மணி நேரம் பறந்து முடித்து, பெரிய நிறுவனங்களுக்காகச் சிறிய ஜெட் விமானங்களை இயக்கும் ஒரு பிராந்திய விமான நிறுவனத்தில் துணை விமானியாகத் தேர்வாகியிருக்கிறேன். பயிற்சி வகுப்பு தொடங்கியதும் பணித்தளத்தையும் (எந்த ஊர் விமான நிலையத்திலிருந்து வேலையைத் தொடங்குவேன் என்பது) விமானத்தையும் விருப்ப வரிசைப்படி எழுதித் தர வேண்டுமாம். இப்போதைக்குச் சிகாகோவில் சிஆர்ஜே விமானத்துக்கும், சான்பிரான்சிஸ்கோவில் எம்ப்ரேயர் 175 விமானத்துக்கும் இடம் இருக்கிறது. என் மனம் எம்ப்ரேயரையே நாடுகிறது. கணவருக்கு இங்கேதான் வேலை; மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். எம்ப்ரேயரை எடுத்துக்கொண்டு சிகாகோவிலிருந்தே போய்வர முடியாதா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, முதலில் வாழ்த்துகள். சிகாகோவையும் சிஆர்ஜேவையும் முதல் விருப்பமாக எழுதுங்கள் என்பதே என் பதில்.

எம்ப்ரேயர் மீது உங்களுக்கு இருக்கும் ஆசை நியாயமானதுதான். அது இன்னும் தயாரிப்பில் இருக்கும் விமானம். சிஆர்ஜேவின் தயாரிப்போ 2021-இல் கடைசி விமானம் ஒப்படைக்கப்பட்டதோடு முடிந்துவிட்டது. ஆனால் உங்கள் துறையில் பலருக்கு இந்தத் தேர்வே வாய்ப்பதில்லை. எண்டெவர், பிஎஸ்ஏ ஆகிய பிராந்திய நிறுவனங்களில் சேருபவர்களுக்குச் சிஆர்ஜே மட்டும்தான். அதே வகை நிறுவனங்களான ஹொரைசனிலும் என்வாயிலும் எம்ப்ரேயர் மட்டும்தான். இரு வகையினரும் பின்னாளில் டெல்டா, யுனைட்டெட், அமெரிக்கன் போன்ற பெரிய நிறுவனங்களில் அருகருகே அமர்ந்து பறக்கிறார்கள். அங்கே உங்களைத் தேர்வு செய்கிறவர்கள் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள், கேப்டனாக இருந்தீர்களா, பயிற்சிகளிலும் சோதனைகளிலும் எப்படித் தேறினீர்கள் என்பவற்றுக்குத்தான் எடை கொடுப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தத் தொழிலில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பணிமூப்பு எண். ஒரே நாளில் சேருபவர்களுக்குள் அந்த எண்ணை வயதை வைத்தோ, சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை வைத்தோ பல நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. அதில் உங்கள் திறமைக்கு வேலை இல்லை. தளம், மாத அட்டவணை, விடுப்பு, கேப்டன் பதவி எல்லாம் அந்த எண்ணின் வரிசையில்தான் வரும். ஆகவே விருப்பப் படிவத்தில் எழுதுவது வாக்குறுதி ஆகாது. உங்களுக்கு முன்னால் இருப்பவர்கள் எடுத்ததுபோக மிச்சமிருப்பதே உங்களுக்குக் கிடைக்கும்.

தொடக்கத்தில் நீங்கள் பெரும்பாலும் ரிசர்வில்தான் இருப்பீர்கள். அதாவது, குறிப்பிட்ட பயணங்கள் எதுவும் இல்லாமல், அழைத்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டிய நிலையில் காத்திருப்பீர்கள். உங்கள் தளம் சிகாகோவின் ஓஹேர் விமான நிலையம் என்றால் அந்தக் காத்திருப்பு உங்கள் வீட்டிலேயே நடக்கும். அழைப்பு வராத நாளில் மகளைப் பள்ளியிலிருந்து நீங்களே அழைத்து வரலாம். சான்பிரான்சிஸ்கோ என்றால், நான்கு மணி நேரத்துக்கும் மேலான விமானப் பயணத்தில், காலி இருக்கையையோ விமானி அறையில் உள்ள கூடுதல் இருக்கையான ஜம்ப்சீட்டையோ நம்பி முந்தைய நாளே கிளம்பி, பல விமானிகள் பங்கு போட்டுக்கொள்ளும் கிராஷ்பேட் வாடகைக் கட்டிலில், அழைப்பே வராமல் நாள் கணக்கில் கிடக்க வேண்டியிருக்கும். விடுமுறை நாள்களின் இரு ஓரங்களையும் பயணமே தின்றுவிடும்.

வசதிக் குறைவைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருக்கிறது. 2009 பிப்ரவரி 12 அன்று, நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கோல்கன் ஏர் விமானம் விழுந்து, அதிலிருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். இரு விமானிகளின் தளமும் நியூவார்க். ஆனால் கேப்டனின் வீடு ஃபுளோரிடாவில், துணை விமானி வசித்ததோ சியாட்டில் பக்கம். துணை விமானி முந்தைய இரவு முழுவதும் மெம்ஃபிஸ் வழியாகப் பறந்து வேலைக்கு வந்தவர். விபத்துக்கு மூல காரணம் வேகம் குறைந்ததற்கான எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாக எதிர்வினை ஆற்றியதுதான் என்று விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கூறியது. இருவருடைய செயல்பாட்டையும் சோர்வு பாதித்திருக்கக்கூடும் என்றும் பதிவு செய்தது. நீங்கள் 1,500 மணி நேரம் பறக்க வேண்டியிருந்ததே அந்த விபத்தைத் தொடர்ந்து 2010-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவு. 2014 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆனால் வீட்டிலிருந்து தளத்துக்கு வரும் பயணம் பணிக் கணக்கில் சேராது. ஆகவே களைப்போடு வந்து சேராமல் இருக்கும் பொறுப்பு முழுவதும் உங்களுடையது.

சிகாகோ கிடைக்காமலும் போகலாம். அதனால் இரண்டாம், மூன்றாம் இடங்களில், காலியிடம் இருக்குமானால், மினியாபொலிஸ், டெட்ராய்ட் போன்ற, ஓஹேருக்கு நாள் முழுவதும் விமானங்கள் உள்ள அருகாமைத் தளங்களை எழுதுங்கள். கடைசியில் சான்பிரான்சிஸ்கோவே வந்து வாய்த்தால், ரிசர்வ் காலம் முடியும்வரை அங்கே ஓர் அறை எடுத்து ஒழுங்காகத் தங்குங்கள். சிகாகோவுக்கு மாற்றல் விண்ணப்பத்தை முதல் நாளே பதிவு செய்யுங்கள். குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போக வேண்டாம். தளங்கள் மூடப்படும், நிறுவனங்களும் மூடப்படும்: 2020-இல் மட்டும் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ், எக்ஸ்பிரஸ்ஜெட் ஆகிய மூன்றும் சேவையை நிறுத்தின. பணிமூப்பு எண்ணை இன்னொரு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது என்பதால், அங்கிருந்த விமானிகள் வேறிடத்தில் வரிசையின் கடைசியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

சிகாகோவுக்கு எதிராக நான் ஏற்கக்கூடிய வாதம் ஒன்றுதான். அங்கே ரிசர்வ் விமானிகள் தேவைக்கு மேல் குவிந்திருந்தால் உங்களுக்குப் பறக்கும் நேரம் கிடைக்காது. புதிய விமானத்தில் தகுதி பெற்ற 120 நாள்களுக்குள் 100 மணி நேரம் பறந்தாக வேண்டும் என்பது விதி. கேப்டன் ஆவதற்கு இத்தகைய விமான நிறுவனச் சேவையில் 1,000 மணி நேரம் வேண்டும். எனவே வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, உங்களைத் தேர்வு செய்த அலுவலரிடம், சிகாகோ சிஆர்ஜே ரிசர்வ் விமானிகள் சென்ற சில மாதங்களில் மாதம் எத்தனை மணி நேரம் பறந்தார்கள், அங்கே ரிசர்விலிருந்து நிலையான அட்டவணைக்கு வர எவ்வளவு காலம் ஆகிறது என்று கேளுங்கள். அவர் பூசி மெழுகினால், அந்தத் தளத்திலேயே அண்மையில் சேர்ந்த துணை விமானி ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். பறப்பு மிகக் குறைவு என்று தெரிந்தால் மினியாபொலிஸை முதலாவதாக எழுதலாம். அப்போதும் சான்பிரான்சிஸ்கோ கடைசியிலேயே இருக்கட்டும்.