ஃபேன் சுற்றும்போது லைற் துடிக்கிறது: 12க்கு 12 அடி அறை

ஜிப்சம் பலகையால் சீலிங் அடித்து நான்கு லைற் போட்ட அறையில், ஃபேன் சுற்றும்போது பிள்ளையின் கொப்பியில் நிழல் ஓடுகிறது, அடுத்த அறையில் லைற்றை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு லைற்றையும் மூலைப் பக்கம் தள்ளுங்கள். ஒவ்வொரு லைற்றுக்கும் கிட்ட உள்ள இரண்டு சுவரிலிருந்தும் அளந்தால் 3 அடி வர வேண்டும். ஃபேன் நடுவிலேயே இருக்கட்டும்.

முடித்த அறையில் லைற்றுகள் ஃபேன் நடுவிலிருந்து 2 அடியில் என்று எழுதியிருக்கிறீர்கள். 56 அங்குல ஃபேனின் இறகு 28 அங்குலம் வரை வரும். ஆக லைற் இறகுக்கு நேர் மேலே இருக்கிறது. ஒவ்வொரு இறகும் வெளிச்சத்தை வெட்டிக்கொண்டு போகிறது. பிள்ளையின் கொப்பியில் நிழல் ஓடுவது அதனால்தான் இருக்கும். ஃபேனை நிறுத்திப் பாருங்கள். அப்போதும் துடித்தால் லைற்றின் டிரைவர், அதாவது லைற்றுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சிறு பெட்டி, பழுதாக இருக்கலாம்.

அடுத்த அறையில் சீலிங்கை வெட்டுவதற்கு முதல், நிலத்தில் நடுவே ஆணியை வைத்து, 28 அங்குலக் கயிற்றில் சோக்கைக் கட்டி வட்டம் கீறுங்கள். லைற் வரும் இடங்களில் நான்கு சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். நான் சொன்ன அளவில் சிரட்டைக்கும் வட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய 2 அடி இருக்கும். அது போதும். அகலமாக வெளிச்சம் விரிக்கும் லைற் மட்டும் வேண்டாம், இறகில் படும்.

ஒன்றைக் கவனியுங்கள்: ஜிப்சம் சீலிங் ஃபேனைத் தாங்காது. கொக்கி மேலே கொங்கிறீற்றில் இறங்க வேண்டும், ஓட்டு வீடென்றால் கூரை மரத்தில். சீலிங் கீழே வருவதால் ஃபேன் கம்பியும் நீளமாக வேண்டும். இறகு நிலத்திலிருந்து 7 அடிக்குக் கீழே வரவே கூடாது.