நெட் ஸ்பீட் நூறு எம்பிபிஎஸ்னு (Mbps) சொல்லி ஆறு கூட வரல, கேஸ் போடலாமா?

கேள்வி: சின்ன ஊர்ல வீட்ல இருந்தே ஆபீஸ் வேலை பாக்கறேன். இங்க ஒரே ஒரு ஃபைபர் இன்டர்நெட் கம்பெனிதான், ஒரு வருஷப் பணத்த மொத்தமா கட்டிட்டேன். காலைல 100 எம்பிபிஎஸ் வருது, சாயங்காலம் 7 மணிக்கு மேல 6 கூட வரல, வாரத்துல ரெண்டு நாள் பாக்ஸ்ல சிவப்பு லைட்டு. ஏரியா ஆளு "நாளைக்கு வரேன் சார்"னே சொல்லிட்டிருக்காரு. நடுவுல விட்டா ரீஃபண்ட் கிடையாதாம். கோர்ட்டுக்குப் போய் நல்ல லைன் வாங்க முடியுமா?

பதில்: லைன் வாங்க முடியாதுங்க, பணத்த வாங்கலாம். இன்டர்நெட் அடிப்படை உரிமையாச்சே, ஹைகோர்ட்ல ரிட் மனு (உரிமையக் காப்பாத்தக் கேக்கற மனு) போடலாமேன்னு சிலர் சொல்லுவாங்க. 2019ல கேரளா ஹைகோர்ட் அது கல்வி உரிமையிலயும் தனியுரிமையிலயும் சேரும்னு சொன்னது நிஜம்தான், ஆனா அது ஹாஸ்டல்ல போன் யூஸ் பண்ணக் கூடாதுன்னு போட்ட ரூலப் பத்தின கேஸ், அதக் காட்டி ஒரு தனியார் கம்பெனிய உங்க தெருவுக்குப் புதுக் கேபிள் இழுக்க வைக்க முடியாது.

கன்ஸ்யூமர் கோர்ட்தான் (சட்டத்துல அதுக்கு நுகர்வோர் கமிஷன்னு பேர்) உங்க இடம். 2009ல சுப்ரீம் கோர்ட் டெலிபோன் தகராறெல்லாம் அங்க வராதுன்னு சொன்னதால ரொம்ப வருஷம் ஜனங்களத் திருப்பி அனுப்பிட்டிருந்தாங்க, 2022 பிப்ரவரில அதே சுப்ரீம் கோர்ட் தாராளமா போகலாம்னு சொல்லிடுச்சு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல 'சேவை'ங்கிறதுக்குள்ள டெலிகாம்னு பேர் போட்டே எழுதியிருக்கு. அதனால கம்பெனி வக்கீல் பழைய தீர்ப்பத் தூக்கிட்டு வந்தா பயப்படாதீங்க.

இப்ப உங்க கேஸ்ல இருக்கிற ஓட்டை. ஏரியா ஆளுக்குப் பண்ண போன் எதுவும் கம்ப்ளெயின்ட்டா கணக்குல வராது. பத்து கேஸ்ல எட்டு இங்கதான் நொண்டுதுங்க, இது என் அனுபவம். "எங்களுக்கு ஒரு புகாரும் வரலையே"ன்னு கம்பெனி சொல்லும், உங்ககிட்ட காட்ட ஒண்ணும் இருக்காது. இனிமே ஒவ்வொரு தடவையும் கம்பெனி ஆப்லயோ கஸ்டமர் கேர்லயோ பதிஞ்சு டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்குங்க, சரியாகலன்னா அதே கம்பெனியோட அப்பீல் அதாரிட்டிக்குப் போங்க, அதுக்கு ஃபீஸ் கிடையாது. டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்க்கு (TRAI) எழுதி நேரத்த வீணாக்காதீங்க, தனி ஆள் புகார அவங்க விசாரிக்கிறதில்ல.

ஸ்பீட் டெஸ்ட்ட வைஃபைல எடுத்தா "உங்க வீட்டுச் சுவர்தான் பிரச்சனை"ம்பாங்க. லேன் வயர லேப்டாப்ல சொருகி, தேதியும் மணியும் தெரியற மாதிரி காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு ஒரு மாசம் எடுங்க. டவுன்லோட் ஆகறப்ப தெரியற மெகாபைட்ட எம்பிபிஎஸ்னு எழுதிடாதீங்க, எம்பிபிஎஸ்ங்கிறது மெகாபிட் கணக்கு, அதனால அத எட்டால பெருக்கணும், எதிர்த்தரப்பு முதல்ல அதத்தான் பிடிப்பாங்க. ஸ்கிரீன்ஷாட்டோட எலக்ட்ரானிக் ஆதாரத்துக்குக் குடுக்கற பாரதிய சாக்ஷிய சட்டம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சர்டிஃபிகேட்டும் வைங்க. விளம்பரத்துல '100 வரை'ன்னு ஒரு 'வரை' இருக்கும், அதப் பிடிச்சுத் தொங்குவாங்க, தினமும் ஒரே நேரத்துல 6க்கு விழறத அந்த 'வரை' காப்பாத்தாதுங்கிறது என் வாதம், கேட்கிற கமிஷனப் பொறுத்தது.

அப்புறம் ஒரு நோட்டீஸ், அதுக்கப்புறம் மாவட்டக் கமிஷன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 34 படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், கம்பெனி ஹெட் ஆபீஸ் ஊருக்கு ஓட வேண்டாம். கட்டின பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் இல்ல, வக்கீலும் கட்டாயமில்ல (வக்கீலான நானே சொல்றேன் பாருங்க). ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். பில்லுல பேர் இருக்கிற கம்பெனி, லோக்கல் ஆபரேட்டர் ரெண்டு பேரையும் சேருங்க, ஒருத்தர விட்டா இன்னொருத்தர் கை காட்டித் தப்பிச்சுக்குவாரு. மீதி மாசப் பணம், மன உளைச்சலுக்கு நஷ்டஈடு, செலவு, இத மட்டும் கேளுங்க. சம்பளம் போச்சுன்னு கேக்கணும்னா ஆபீஸ் மெயில் ஒண்ணாவது கையில இருக்கணும்.

கனெக்‌ஷன விடறப்ப அந்த பாக்ஸ ஏரியா ஆள் கையில சும்மா குடுத்துடாதீங்க, எழுதி வாங்கிக்கோங்க, இல்லன்னா பாக்ஸ் வரலன்னு உங்க மேலயே பில் போடுவாங்க.