அசைவ ஜோக்கும் பதினைந்து வயசும்

இந்த இதழில் பெங்களூரு வாசகர்களின் கேள்விகள். ‘அடல்ட்’ காமெடி தூக்கலாக இருக்கும் காதல் படங்களைப் பிள்ளைகள் பார்க்கலாமா என்று வந்த கடிதங்களை மட்டும் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு 15 வயது. தோழிகள் நாலு பேராகச் சேர்ந்து சனிக்கிழமை ஒரு காதல் காமெடிப் படத்துக்குப் போகிறார்களாம். ட்ரெய்லர் முழுக்க அசைவ ஜோக். சர்ட்டிபிகேட் யுஏ 16+. “எல்லாரும் போறாங்கம்மா” என்கிறாள். கணவரோ, “விடு, காலம் மாறிப்போச்சு” என்கிறார். எதை வைத்து நான் முடிவு செய்வது?
— வாசகி, அல்சூர்

முதலில் அந்தச் சர்ட்டிபிகேட். முன்பெல்லாம் யுஏ என்று ஒன்றுதான் இருந்தது. 12 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் யோசித்து அனுப்புங்கள் என்று அதற்குப் பொருள். 2023-இல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி அதை யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என மூன்றாகப் பிரித்தார்கள். இந்த வயதுக் குறி பெற்றோருக்கு ஓர் ஆலோசனை மட்டும்தான். 15 வயதுப் பெண்ணைத் தியேட்டர்காரர் வாசலில் நிறுத்த மாட்டார், நிறுத்தவும் சட்டம் சொல்லவில்லை. ஆகவே முடிவு உங்கள் வீட்டில்தான் எடுக்க வேண்டும்.

சென்சார் போர்டு பெரும்பாலும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதை அளக்கிறது. எவ்வளவு உடம்பு தெரிகிறது, முத்தம் எத்தனை விநாடி, எந்தக் கெட்ட வார்த்தையை மியூட் செய்வது என்று. ஜோக் யார் தலையில் விழுகிறது என்பதற்குச் சர்ட்டிபிகேட்டில் கட்டம் இல்லை. பதினைந்து வயசு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வருவதோ அதைத்தான். எங்கள் கணக்கில், 20 விநாடிப் படுக்கையறைக் காட்சியைவிட இரண்டு மணி நேரம் ஓடும் ஒரு ‘காமெடி டிராக்’ பெரிய விஷயம்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, சிரிப்பு யார் செலவில் என்பதை. காதலிக்கும் இருவரும் ஒருவரை ஒருவர் சமமாகச் சீண்டிக்கொண்டால், வசனம் பச்சையாக இருந்தாலும் அது இரண்டு பேர் விளையாட்டு. குண்டான பெண், நளினமாக நடக்கும் ஆண், விவாகரத்தான பக்கத்து வீட்டுக்காரி என்று யாராவது ஒருவரின் உடம்போ நிலைமையோதான் ஒவ்வொரு ஜோக்கின் முடிச்சும் என்றால், திங்கட்கிழமை அந்த ஜோக் வகுப்பறையில் வேறொரு பெண்ணின் பெயர் ஒட்டிக்கொண்டு ஓடும்.

அடுத்தது, “வேண்டாம்” என்றதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது. கதாநாயகி எத்தனை முறை மறுக்கிறாள் என்று விரல் விட்டு எண்ணலாம். ஒருமுறை மறுத்து, அவன் விலகி, பிறகு அவளாக மனம் மாறினால் பிரச்சினை இல்லை. மூன்றாவது மறுப்புக்கும் அவன் ஹாஸ்டல் வாசலில் நின்று, அதற்கும் ஒரு பாட்டு வைத்து, கடைசியில் அவள் சிரித்துவிட்டால், அந்தப் படத்தை எங்கள் பேச்சில் ‘பின்தொடரும் படம்’ என்போம். விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பெண்ணைத் தொடர்ந்து போவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் குற்றம்; முதல்முறை என்றாலே மூன்று ஆண்டு வரை சிறை. திரையில் டூயட், வெளியே எஃப்ஐஆர். பெண் பிள்ளையைவிட ஆண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

மூன்றாவது, போதையும் போனும். குடித்து நினைவில்லாதவரைக் கட்டிலில் கிடத்திச் சிரிக்கவைக்கும் காட்சி, அந்தரங்கப் படத்தை நண்பர்கள் குரூப்பில் போட்டுக் கலாய்க்கும் காட்சி இரண்டும் இந்த வகைப் படங்களில் சர்வசாதாரணம். படத்தில் அது ஐந்தாவது நிமிடத்தில் மறந்துபோகும். நிஜத்தில் ஒருவரின் அந்தரங்கப் படத்தை அனுமதியில்லாமல் அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ. படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் கீழே என்றால் 67பி, போக்சோ எல்லாம் சேர்ந்துகொள்ளும். அனுப்பியதும் ஒரு பள்ளிப் பிள்ளைதான் என்றாலும் விஷயம் போலீஸ் வரை போகலாம். மகளிடம் இதைச் சொல்லியே அனுப்பலாம்.

ஒதுக்க வேண்டாதவையும் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் ஆணுறை கேட்க நாக்குக் குழறும் காமெடியைப் பார்த்ததுமே “சீ” என்று படத்தை ஒதுக்குகிறோம். உண்மையில் அந்த ஒரு காட்சிதான் சில படங்களில் உருப்படியான தகவல். அதற்கு மாறாக, அவசரக் கருத்தடை மாத்திரையைச் சாக்லேட் மாதிரி வாயில் போட்டு “பிரச்சினை ஓவர்” என்று சிரிக்கும் காட்சியில் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதை உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, பாலியல் நோய்களிலிருந்து அது காக்காது, வழக்கமான கருத்தடைக்கு மாற்றும் அல்ல. படம் இதில் ஒன்றையும் சொல்லாது.

இதையெல்லாம் படம் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியான முதல் வார இறுதியில் அனுப்பாதீர்கள். செவ்வாய், புதன் வரை தள்ளினால் டிக்கெட் விலையும் பெரும்பாலும் இறங்கும், பார்த்துவிட்டு வந்தவர்களும் கிடைப்பார்கள். அவர்களிடம் “படம் எப்படி?” என்று கேட்டால் “ஜாலியா இருக்கு” என்பார்கள், அதில் உங்களுக்கு ஒன்றும் இல்லை. “யாரை வைத்து ஜோக்? ஹீரோயின் எத்தனை தடவை மாட்டேன்னு சொல்றா? குடிச்சுட்டு நடக்கிற சீன் இருக்கா? போட்டோ, வீடியோ வைத்து மிரட்டுறாங்களா?” என்று கேளுங்கள். பதில் சொல்பவருக்கே அப்போதுதான் படம் ஞாபகம் வரும்.

பதில்கள் சுமார் என்றால், அதே ஷோவுக்கு நீங்களும் டிக்கெட் எடுத்து ஆறு வரிசை பின்னால் உட்காருங்கள். பக்கத்து சீட் வேண்டாம். அம்மா பக்கத்தில் இருந்தால் அவள் படத்தைப் பார்க்க மாட்டாள், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகும் யோசனை இருந்தால் அதை உடனே கைவிடவும்.

கேள்வி: மகனுக்கு 18 நிறைய நான்கு மாதம்தான் பாக்கி. ‘ஏ’ சர்ட்டிபிகேட் படத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனால் விடுவார்களா?
— வாசகர், கே.ஆர்.புரம்

விட மாட்டார்கள். ‘ஏ’ என்றால் 18 நிறைந்தவர்களுக்கு மட்டும். அப்பா கையெழுத்தும் செல்லாது. மாலில் உள்ள மல்டிபிளெக்ஸ்களில் ஆதார் கேட்டுத் திருப்பி அனுப்பினால் டிக்கெட் பணம் திரும்ப வருவது சந்தேகம். நான்கு மாதம் பொறுங்கள்.

கேள்வி: ஒரே படம் ஆங்கிலம், இந்தி, தமிழ் மூன்றிலும் ஓடுகிறது. பிள்ளைகள் (14, 16) ஆங்கிலத்தில் பார்க்கிறோம் என்கிறார்கள். தமிழில் பார்த்தால் வார்த்தைகள் கொஞ்சம் அடங்கி இருக்குமா?
— வாசகர், ஸ்ரீராமபுரம்

அடங்கியும் இருக்கலாம், கூடியும் இருக்கலாம். டப்பிங் படத்துக்குத் தனியாகச் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு மொழிக்கும் வெட்டும் மியூட்டும் மாறும். போஸ்டரில் உங்கள் மொழிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

டப்பிங்கில் இரண்டு விதம் நடக்கிறது. ஆங்கிலத்தில் நேரடியாக இருக்கும் பச்சை வார்த்தையைத் தமிழில் “அட போடா” அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். அல்லது மூலத்தில் சாதாரணமாக இருக்கும் வரியில், உதடு அசைவுக்கு வார்த்தை கிடைக்காமல் நம்ம ஊர் டபுள் மீனிங்கைத் திணித்துவிடுவார்கள். காய்கறி, பழம், சைக்கிள் பம்ப் எதுவும் தப்பாது.

பெங்களூரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இங்கே வளரும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். தமிழ் இரட்டை அர்த்தம் உங்களுக்குச் சுரீரென்று படும், பிள்ளைக்குப் புரியாது, தியேட்டரில் சத்தமாக “அதுக்கு ஏன்ப்பா சிரிக்கிறாங்க?” என்று கேட்பான். ஆங்கிலத்தில் நேர் எதிர். ‘ஹூக்கப்’, ‘ஃப்ரெண்ட்ஸ் வித் பெனிஃபிட்ஸ்’ என்று வசனம் போகும்; நீங்கள் ஏதோ ஆபீஸ் பேச்சு என்று பாப்கார்னைக் கொறிப்பீர்கள். முதலாவது, உறவு என்று எதுவும் பேசிக்கொள்ளாமல் ஓர் இரவுக்குச் சேர்வது. இரண்டாவது, காதல் இல்லை, நட்பு உண்டு, படுக்கையும் உண்டு என்கிற ஏற்பாடு. ஆகவே உங்களுக்கு அதிர்ச்சி தரவில்லை என்பதால் ஒரு படம் சாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சப்டைட்டிலையும் கவனியுங்கள். ஒலியில் மியூட் செய்த வார்த்தை கீழே எழுத்தில் முழுசாக வருவது உண்டு. 14 வயதுக்கு வாசிக்கத் தெரியும்.

கேள்வி: தியேட்டர் கூடப் பரவாயில்லை. ஓடிடியில் எல்லாமே கைக்கெட்டுகிறது. லாக் போட்டால் போதுமா? என் 13 வயது மகள் என்னைவிட ரிமோட்டில் கெட்டிக்காரி.
— வாசகி, ஜீவன்பீமா நகர்

போதாது, ஆனால் போட வேண்டும். ஓடிடிக்குச் சென்சார் போர்டு கிடையாது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனமே வயதுக் குறி போட்டுக்கொள்கிறது. யு/ஏ 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும், ‘ஏ’ வகைக்கு வயதைச் சரிபார்க்க ஏற்பாடு வேண்டும் என்பது விதி. தியேட்டரில் வந்த படமே ஓடிடியில் வெட்டாத நீளத்தில் வரக்கூடும். டிவி இதற்கு நேர் எதிர்: ‘ஏ’ படத்தை அப்படியே போட முடியாது, வெட்டிக் குறைத்துத்தான் வரும். “டிவியில் பார்த்தோமே, ஒன்றும் இல்லையே” என்று ஓடிடியில் அனுமதித்து மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

நெட்ஃப்ளிக்ஸை எடுத்துக்கொள்வோம். டிவியில் தேடாதீர்கள், லேப்டாப் பிரவுசரில் அக்கவுன்ட் பக்கத்துக்குப் போங்கள். மகளுடைய ப்ரொஃபைலில் பெற்றோர் கட்டுப்பாட்டைத் திறந்து வயது வரம்பை 13+ ஆக்குங்கள். குறிப்பிட்ட படத்தின் பெயரைக் கொடுத்துத் தனியாகத் தடுக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. பெரும்பாலானோர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். கோட்டை விடுவது இங்கேதான். வரம்பு அவள் ப்ரொஃபைலுக்கு மட்டும். அப்பாவின் ப்ரொஃபைல் திறந்து கிடந்தால் இரண்டு அழுத்தில் அங்கே போய்விடுவாள். ஆகவே பெரியவர்கள் ஒவ்வொருவரின் ப்ரொஃபைலுக்கும் நான்கு இலக்க ‘பின்’ (ரகசிய எண்) போடுங்கள். புது ப்ரொஃபைல் சேர்க்கவும் பின் கேட்கும்படி வையுங்கள். கல்யாண வருஷம், பைக் நம்பர் வேண்டாம், அதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பாள். பிரவுசரில் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்தால் அவள் உள்ளே போய் பின்னையே மாற்றலாம், அதையும் அழியுங்கள்.

மற்ற ஆப்களிலும் இதே வரிசைதான், பெயர்கள்தான் மாறும். சிலவற்றில் கட்டுப்பாடு கருவிக்குக் கருவி தனி என்பதால் டிவியில் ஒருமுறை, டேப்லெட்டில் ஒருமுறை என்று போட வேண்டியிருக்கும். படத்தை லாக் செய்தாலும் அதன் ‘ஹாட்’ காட்சிகள் 40 விநாடித் துண்டுகளாக ரீல்ஸில் வரும், அதற்கு இந்த லாக் எட்டாது.

முன்கூட்டியே பார்க்க நேரமில்லை என்பவர்களுக்கு: வேகத்தை ஒன்றரை மடங்கு வைத்தால் 120 நிமிடப் படம் 80 நிமிடம். சப்டைட்டில் போட்டுக்கொண்டு காய் நறுக்கியபடியே முடித்துவிடலாம். அதுவும் முடியாதென்றால் முதல் 15 நிமிடமும், பிரிந்த காதலர்கள் சேரும் கடைசி 20 நிமிடமும். முதலாவதில் ஜோக்கின் ருசி தெரியும். இரண்டாவதில், செய்த தப்புக்கு அவன் மன்னிப்புக் கேட்கிறானா, இல்லை மழையில் நனைந்தால் போதும் என்று விட்டுவிட்டார்களா என்று தெரியும்.

கேள்வி: வெளிநாட்டுப் படங்களுக்கு ‘ஆர்’, ‘பிஜி-13’, ‘15’ என்றெல்லாம் இருக்கிறதே, அதை நம்பலாமா?
— வாசகர், ஒயிட்ஃபீல்டு

எண்ணைவிட அதன் கீழே எழுதியிருக்கும் விளக்கத்தை நம்புங்கள். அமெரிக்க ‘ஆர்’ படத்துக்கு 17 வயதுக்குக் கீழே இருப்பவர் பெரியவர் துணையோடு போகலாம். பிரிட்டனின் ‘15’ கறாரானது; தியேட்டரில் 14 வயதுக்காரருக்கு அப்பா அம்மா துணைக்கு வந்தாலும் இடமில்லை. பிரிட்டிஷ் வாரியம் தன் தளத்தில் பாலியல், வசனம், போதை என்று பிரித்துக் காட்சியையே சொல்லிவிடும். கதை தெரிந்துவிடும், பரவாயில்லை. ஐஎம்டிபியில் உள்ள பெற்றோர் வழிகாட்டி ரசிகர்கள் எழுதுவது. முத்தத்தை எண்ணி எழுதுவார்கள், கேலியை எண்ண மாட்டார்கள். அங்கே எழுதியிருக்கும் காட்சி இங்கே வெட்டுப்பட்டிருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: எல்லாரும் சேர்ந்து ஹாலில் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அந்த மாதிரி காட்சி. ரிமோட்டைத் தேடுவதற்குள் முடிந்துவிட்டது. மாமனார் எழுந்து போய்விட்டார். 13 வயதுப் பையன் மறுநாள் அந்த ஜோக்குக்கு அர்த்தம் கேட்கிறான். என்ன சொல்ல?
— வாசகி, லிங்கராஜபுரம்

ரிமோட் கிடைக்காததே நல்லது. அவசரமாக ஓட்டினால், எந்த நிமிடத்தில் ஓட்டினீர்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு பிறகு தனியாகப் பார்ப்பான்.

அர்த்தத்தை இரண்டு வரியில் நேராகச் சொல்லிவிடுங்கள், உடல் உறுப்பின் சரியான பெயரோடு. “பெரியவனானா தெரியும்” என்றால் இன்று இரவே கூகுளில் தேடுவான். அங்கே கிடைப்பது அந்த ஜோக்கைவிடப் பத்து மடங்கு. உங்களுக்கு வாய் வரவில்லை என்றால் அப்பாவோ சித்தப்பாவோ சொல்லட்டும், ஆனால் அன்றே. சொல்லிவிட்டு, “அந்த இடத்துல அந்தப் பொண்ணு சிரிச்சாளா, மத்தவங்க மட்டும் சிரிச்சாங்களா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், தோசை ஆறிவிடும்.

மாமனாரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அவருக்கு அர்த்தம் தெரியும்.