தீர்ந்துபோகாத பணம்

கேள்வி: பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகனுக்குப் பணத்தின் அருமையே தெரியவில்லை. அவன் அப்பாவின் செல்போனை எடுத்துச் சென்று கடையில் ஸ்கேன் செய்து வாங்குவது பழக்கமாகிவிட்டது. ரகசிய எண்ணும் அவனுக்குத் தெரியும். தின்பண்டத்துக்கும் செல்போன் விளையாட்டுக்குமாகச் சென்ற மாதம் மட்டும் ஏறத்தாழ 2,400 ரூபாய் போயிருக்கிறது. இப்போது 6,000 ரூபாய்க்கு ஷூ வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். அவனை எப்படித் திருத்துவது?
— ஒரு வாசகி, கரூர்

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, சகோதரி. ஆனால் உங்கள் மகன் இதுவரை பணம் தீர்ந்துபோவதைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். சட்டைப்பையில் இருந்த 50 ரூபாயில் 30 செலவானால் மீதி 20தான் என்பது ஒரு காலத்தில் சிறுவர்களுக்குக் கையாலேயே தெரிந்தது. அப்பாவின் கணக்கிலிருந்து ஸ்கேன் செய்கிற பிள்ளைக்கு 20 ரூபாயும் 400 ரூபாயும் ஒரே விரலசைவுதான். ஆகவே, அறிவுரைக்கு முன்னால் அவனுக்குத் தேவைப்படுவது, அளவுள்ள ஒரு தொகை.

ரகசிய எண்ணை இன்றே மாற்றுங்கள். யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து, விளையாட்டு எதற்காவது மாதந்தோறும் தானாகப் பணம் போகிறதா என்றும் பாருங்கள். பிறகு, கடந்த மூன்று மாதக் கணக்கு விவரத்தை அவனோடு உட்கார்ந்து, குற்றம் சாட்டாமல், வரிவரியாகப் படியுங்கள். எதற்குக் கொடுத்தோம் என்று அவனுக்கே நினைவில்லாத செலவுகள் நிச்சயம் இருக்கும். அவற்றை அவன் வாயாலேயே சொல்லவிடுங்கள்.

அதன்பின் தின்பண்டம், முடிவெட்டு, நண்பர்களின் பிறந்தநாள் ஆகியவற்றுக்கென மாதம் 1,500 ரூபாய் என்று பேசி முடிவுசெய்து, முதல் தேதியில் கொடுத்துவிடுங்கள். பத்து வயது நிறைந்தவர்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வழிகாட்டியிருக்கிறது. தொகை வரம்பையும் ஏடிஎம் அட்டை தருவதையும் அந்தந்த வங்கியே முடிவுசெய்யும். அந்தக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க முடியாது என்பதே அதன் பெரிய நன்மை. பதினெட்டாம் தேதியே பணம் தீர்ந்துவிட்டது என்று அவன் வந்து நிற்கும் நாள் வரும். அன்று நீங்கள் இரங்கி 200 ரூபாய் கொடுத்தால் முழு ஏற்பாடும் வீணாகும். மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து போகிறது. பன்னிரண்டு நாள் பப்ஸ் இல்லாமல் எந்தப் பிள்ளையும் வாடிவிடாது.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்கிறேன். பிள்ளை எதையாவது கேட்கும்போது "காசில்லை" என்று சொல்லிவிட்டு, அதே வாரம் நாம் ஒரு புடவை எடுத்தால், அந்தச் சொல்லை அவன் மறுபடியும் நம்ப மாட்டான். "இந்த மாதம் அதற்கு ஒதுக்கவில்லை" என்பதே உண்மையான பதில். வீட்டுக் கடனுக்கு எவ்வளவு போகிறது, மளிகைக்கு எவ்வளவு ஆகிறது என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளை தெரிந்துகொள்ளலாம். உங்கள் கவலைகளை மட்டும் அவன் தலையில் ஏற்ற வேண்டாம்.

ஷூவுக்கு நீங்கள் வழக்கமாகச் செலவிடும் 1,500 ரூபாயைக் கொடுங்கள். மீதி 4,500 ரூபாயை மாதம் 500 வீதம் அவன் சேர்த்தால் ஒன்பது மாதம் ஆகும். நான்காம் மாதமே ஆசை மாறி அவன் வேறொன்றை வாங்க நினைத்தாலும் தடுக்காதீர்கள். அது அவன் சேர்த்த பணம்.